கொழுப்பு 0% தயிர்: கோப்பையின் பின்பக்கம் என்ன இருக்கிறது?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது, சர்க்கரையும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னார். பால், சாதா தயிர், சீஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ‘கொழுப்பு 0%’ என்று போட்ட பழச்சுவைத் தயிர் மட்டும் வாங்கித் தருகிறோம். இது போதுமா?

பதில்: கொழுப்பைக் குறைக்க நினைத்தது சரி. வாங்கும் பொருள்தான் சரியில்லை. அந்தக் கோப்பையைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். பழத்துக்கு முன்னாலேயே சர்க்கரை வந்துவிட்டால் அது இனிப்புப் பண்டம்தான். கீழே 100 கிராமுக்கு 12 கிராம் சர்க்கரை என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 4, 5 கிராம் பாலிலேயே உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை, அதை விட்டுவிடலாம். மீதி 7 கிராமில் பெரும்பங்கு வெளியிலிருந்து போட்டது. 150 கிராம் கோப்பையில் அது பத்து கிராமைத் தாண்டும், அதாவது இரண்டரை டீஸ்பூன். அப்பாவின் நிலையில் இதைத் தினமும் கொடுக்காதீர்கள். இனிப்புச் சேர்க்காத தயிர் வாங்கி, பழத்தை வீட்டிலேயே நறுக்கிப் போடுங்கள்.

தயிரை நிறுத்தவே தேவையில்லை. தயிர் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு குறைவாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024-இல் அப்படியொரு வாசகத்தைத் தயிர் பாக்கெட்டில் போட அனுமதித்தது. ஆனால் ‘வரம்புக்குட்பட்ட சான்றுகளின்படி’ என்று சேர்த்துத்தான் போட வேண்டும். 21 நாடுகளில் நடந்து 2018-இல் வெளியான ப்யூர் ஆய்விலும், பால்பொருட்களைத் தினமும் சாப்பிட்டவர்களிடம் பக்கவாதமும் இறப்பும் குறைவாகவே இருந்தன. இவை மக்களைக் கவனித்துச் சொன்னவை. பால்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

வெண்ணெய் விஷயம் வேறு. அதில் பாதி நிறைவுற்ற கொழுப்பு, எல்டிஎல்லை ஏற்றுவது அதுதான். ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 7 கிராம் வரும். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பே சுமார் 22 கிராம். அதே அளவு கொழுப்பைச் சீஸாகச் சாப்பிட்டால் எல்டிஎல் வெண்ணெய் அளவுக்கு ஏறுவதில்லை என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. சீஸில் உள்ள கால்சியம் கொழுப்பில் கொஞ்சத்தைக் குடலில் பிடித்து வெளியேற்றுவது இதற்கு ஒரு காரணம். அதற்காகச் சீஸை அள்ளிப் போட வேண்டாம். பதப்படுத்திய சீஸில் உப்பு அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பாக்கெட்டில் சோடியம் அளவையும் பார்க்க வேண்டும்.

பாலைப் பொறுத்தவரை, எல்டிஎல் ஏற்கெனவே கூடியிருப்பதால் கொழுப்பு குறைத்த பாலே அப்பாவுக்கு நல்லது. முழுப்பால் ஒரு டம்ளரில், அதாவது 200 மில்லியில், நிறைவுற்ற கொழுப்பு நாலரை கிராம் வரை இருக்கும். கொழுப்பு 1% மட்டும் உள்ள பாலில் ஒன்றரை கிராம்கூட வராது. கால்சியமும் புரதமும் அப்படியே கிடைக்கும். அப்புறம், வெண்ணெயைக் குறைத்த இடத்தில் பிஸ்கட்டும் மைதா பண்டமும் வந்து உட்கார்ந்தால் பலனே இல்லை. தாவர எண்ணெய், கொட்டைகள், முழுதானியம் வர வேண்டும். டாக்டர் மாத்திரை எழுதியிருந்தால், பாலை மாற்றிவிட்டோமே என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: ஒரேயடியாகப் பாதாம் பால், ஓட்ஸ் பாலுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறலாம், நிறைவுற்ற கொழுப்பு குறையும். ஆனால் பாதாம் பாலில் புரதம் மிகக் குறைவு. ஓட்ஸ் பாலில் தயாரிக்கும்போதே மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாகிவிடுகிறது. புரதத்தில் பசும்பாலுக்குப் பக்கத்தில் வருவது சோயா பால்தான். இனிப்புச் சேர்க்காதது, கால்சியம் சேர்த்தது என்று பார்த்து வாங்குங்கள். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.