டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வேகன்ல பெற்றோல் முள்ளு எழும்புதே இல்ல, மீற்றர மாத்தத்தான் வேணுமா?

கல்முனையில இருந்து கேட்டிரிக்கீங்க, ஃபுல் டேங்க் அடிச்சாலும் முள்ளு எம்ப்டியிலயே கிடக்கு, கராஜ்ல மீற்றர் போர்ட்டையே மாத்தச் சொல்றாங்க எண்டு. இப்ப மாத்தாதீங்க. மீற்றர கடைசியாத்தான் சந்தேகப்படணும். நம்மட பக்கம் உப்புக் காத்துக்கு முதல்ல போறது டேங்க் யூனிட்டும் (டேங்குக்குள்ள பெற்றோல் மட்டத்த அளக்கிற சாமான்) அதுட எர்த்தும்தான் (கார் பாடியோட குடுக்கிற கரண்ட் இணைப்பு).

அந்த யூனிட்ல ஒரு மிதவை இரிக்கு, அது ஏறி இறங்கக்குள்ள அதுட கம்பி ஒரு ரெஸிஸ்டன்ஸ் (கரண்டத் தடுக்கிற) பட்டையில தேச்சிட்டுப் போகும். பழைய ஜப்பான் கார் அனேகமானதுல அந்தத் தடை ஃபுல்லுக்கு சில ஓம்தான், எம்ப்டிக்கு 80, 100 ஓம் பக்கம் வரும். அப்ப வயர் அறுந்தாலும் சரி எர்த் கறள் பிடிச்சாலும் சரி, கரண்ட் போறதுக்கு வழியில்லாம முள்ளு எம்ப்டியிலதான் படுக்கும், மீற்றர் நல்லா இரிந்தாலும் அப்படித்தான்.

பாக்கிறது லேசு. இக்னிஷன் சுவிட்ச ஓஃப் பண்ணிட்டு டேங்க் யூனிட்ல இருந்து மீற்றருக்குப் போற வயர கழட்டுங்க, ஒரு துண்டு வயரால அத கார் பாடியில நல்ல இரும்புல இறுக்கிக் கட்டுங்க, பிறகு போய் சுவிட்ச போட்டுப் பாருங்க. ஓஃப்ல வெச்சித்தான் கட்டணும் கழட்டணும், டேங்க் பக்கத்துல ஒரு பொறி பறந்தாலும் காணும், வாய்ல சிகரெட்டோட ஒருத்தரையும் கிட்ட விடாதீங்க. முள்ளு கெதியா பாயாது, இந்தப் பழைய மீற்றருக்குள்ள ஒரு தகடு சூடாகி வளைஞ்சிதான் முள்ளத் தள்ளுது, கொஞ்சம் பொறுங்க. ஃபுல்லுக்குப் போனா மீற்றரும் நல்லம் வயரும் நல்லம், உடனே ஓஃப் பண்ணிடுங்க, கனநேரம் விட்டா மீற்றர் எரிஞ்சிரும். சில அமெரிக்கன் கார், மிச்சம் பழைய இங்கிலீஷ் கார்ல இது தலைகீழ், உங்கடதுக்கு அந்தப் பிரச்சின இல்ல.

என்ட நிசான் சனி பி 11 கார்லயும் மீற்றர் போச்செண்டுதான் ஒரு கராஜ்ல சொன்னாங்க. வயர எர்த் பண்ணினதும் முள்ளு மேல போயிட்டுது. யூனிட்ட இறுக்கிற ஸ்க்ரூ அடியில பாத்தா செம்மண் மாதிரி கறள் தூளா உதிருது, சுரண்டி எமரித்தாள் போட்டு தனியா ஒரு எர்த் வயர் இழுத்து விட்டன், அதோட சரி. லைட்டப் போடக்குள்ள முள்ளு அசைஞ்சாலும் எர்த்தத்தான் பாக்கணும்.

எர்த் நல்லமெண்டா யூனிட்ட வெளிய எடுங்க, பேட்டரி மைனஸ கழட்டிட்டு. மல்டிமீற்றர வெச்சி கம்பிய கையால மெல்ல மெல்ல தூக்குங்க, ஓம் ஒழுங்கா இறங்கிட்டு வரணும், இடையில துள்ளினா அந்த இடத்துல பட்டை தேஞ்சி போச்சி. நம்ம ஆக்கள் ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு அடிச்சி அடிச்சி ஓடுறதால அனேகமா தேயிறது கீழ்ப் பாதிதான், மேல் பாதி புதுசு மாதிரி இரிக்கும். மிதவைய காதுகிட்ட ஆட்டிப் பாருங்க, உள்ள தண்ணி மாதிரி சத்தம் கேட்டா ஓட்டை விழுந்து பெற்றோல் புகுந்திட்டு. பித்தளை மிதவையெண்டா ஈயம் பத்த வைப்பம் எண்டு மட்டும் நினைக்காதீங்க, உள்ள இரிக்கிற பெற்றோல் குப்பெண்டு பத்தும், வேற மிதவை போடுங்க.

டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து பிழையா காட்டினா கதை வேற, அப்ப மீற்றருக்குப் பின்னால 12 வோல்ட்ட குறைச்சிக் குடுக்கிற ரெகுலேட்டரப் பாருங்க.

சரிவரும் மட்டும் ஃபுல் அடிச்சி ட்ரிப் மீற்றர சைபருக்கு வெச்சி கிலோமீற்றர் கணக்குல ஓடுங்க, முக்கியமா செங்கலடி தாண்டி மகாஓயாப் பக்கம் போறதெண்டா, அங்க ராவில யானை நிக்கிற ரோட்டுல பெற்றோல் முடிஞ்சி நிக்கேலாது. யூனிட்ட திருப்பிப் பூட்டக்குள்ள புது கேஸ்கட் போடுங்க, பூட்டினாப் பிறகு ஃபுல் டேங்க் அடிச்சி அடியில கசிவு இரிக்கா, உள்ள பெற்றோல் மணக்குதா எண்டு பாத்திட்டே பிள்ளைகள ஏத்துங்க.