கத்தரியில் இருப்பதும் தட்டைப்பயறில் இருப்பதும் ஒரே வண்டா?

கேள்வி: அரை ஏக்கர் கத்தரி, அதை ஒட்டித் தட்டைப்பயறு போட்டிருக்கிறேன். இரண்டிலும் புள்ளி வண்டு ஏறியிருக்கிறது. கத்தரி இலை சல்லடையாகிவிட்டது. பயறில் கொழுந்தெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி. கூடவே முதலைக்குட்டி மாதிரி ஒரு கறுப்புப் புழுவும் ஊர்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக அடித்துவிடலாமா?
— ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஒரு விவசாயி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். வயலுக்கு ஒரு வண்டாகப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து வெயிலில் பாருங்கள்.

பயறில் பிடித்தது எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். ஆரஞ்சு முதுகில் கறுப்பாக நெளிகோடும் புள்ளியும் இருக்கும். இதுதான் பொறிவண்டு. கத்தரியில் பிடித்தது மங்கலான செம்பு நிறம். முதுகெல்லாம் பொடி முடி, அதனால் மினுங்காது. புள்ளியும் நிறைய, 28 வரை எண்ணலாம். அது எபிலாக்னா வண்டு. இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் சாப்பாடு வேறு. பொறிவண்டின் தாடை அசுவினியைக் கவ்விக் கடிக்க ஏற்றது. எபிலாக்னாவின் தாடையில் வரிசையாகப் பல். இலையின் பச்சையைச் சுரண்டிவிட்டு நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும். உங்கள் சல்லடை அப்படி வந்ததுதான்.

கையில் எடுத்ததும் வண்டு காலை மடக்கிச் செத்ததுபோல் கிடக்கும். கால் மூட்டில் மஞ்சளாக நீர் கசியும். பயப்பட வேண்டாம், கசப்பு நீர் அது, பறவையை ஒதுக்கி வைக்க. சற்று நேரத்தில் முதுகு ஓடு இரண்டாகப் பிளந்து திறக்கும். அது முன்னிறக்கை. அதற்கடியில் மடித்து வைத்திருக்கும் மெல்லிய இறக்கையை விரித்துத்தான் பறக்கும்.

சரி, அந்த முதலைக்குட்டி? பொறிவண்டின் புழுவேதான். படிக்கிற காலத்தில் பயிரைத் தின்கிறது என்று நினைத்து நானே நசுக்கியிருக்கிறேன். இறக்கை கிடையாது, ஆறு காலால் கொழுந்து கொழுந்தாக ஏறி இறங்கி, கூட்டுப்புழுவாவதற்குள் சில நூறு அசுவினியைக் காலி செய்துவிடும். எபிலாக்னா புழுவோ மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைவிட்ட முள்ளோடு இலைக்கு அடியில் இருக்கும். முட்டையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இரண்டுக்குமே மஞ்சள் முட்டை, கும்பலாக நிற்கும்.

பயறுக்கு இப்போது மருந்து வேண்டாம். செடிக்கு ஒன்றிரண்டு புழு தென்பட்டால் சில நாள் விட்டுப் பாருங்கள். அசுவினி ரொம்ப அப்பிய கொழுந்தை மட்டும் கிள்ளிப் போடலாம். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். அசுவினி விடும் தேன்நீருக்காகப் பொறிவண்டை அது விரட்டியடிக்கும்.

கத்தரியில் காலை வேளையில் வண்டு, புழு, முட்டை இருக்கும் இலை எல்லாவற்றையும் கையால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அப்புறமும் குறையவில்லை என்றால் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல். 10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். காற்று பயறுப் பக்கம் வீசினால் அன்றைக்கு வேண்டாம், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.