லேசர் எழுப்பும் உலோக ஆவி எப்போது எரிகிறது?

கேள்வி: வேலூரில் பெயர்த்தகடு பொறிக்கும் கடை ஒன்றில், அலுமினியத் தகட்டில் லேசர் படும் இடத்தில் வெண்ணீல ஒளி எழுவதைக் கண்டேன். அவ்வளவு சூட்டில் ஆவியாகும் உலோகம், சுற்றியுள்ள காற்றோடு சேர்ந்து உடனே எரிந்துவிடாதா? ஆர்கான் வாயுவை நிரப்பினால் என்ன ஆகும்?
– வாசகர், காட்பாடி

பதில்: எரிகிறது, ஆனால் உடனே எரிவதில்லை. சூடு ஏற ஏற வினை விரைவாகும் என்று பள்ளியில் படித்த நமக்கு இது வியப்பாகவே இருக்கும். சில நானோவினாடிகளே நீடிக்கும் லேசர் துடிப்பு பட்டதும் எழும் ஆவி, தொடக்கத்தில் 10,000 கெல்வினையும் தாண்டக்கூடிய பிளாஸ்மாவாக (எலக்ட்ரான்கள் பிரிந்த மின்னேற்ற வாயுவாக) இருப்பதால், அலுமினிய அணுவும் ஆக்சிஜன் அணுவும் இணைந்தாலும் அடுத்தடுத்த மோதல்களில் பிரிந்துவிடுகின்றன. அதோடு, அந்த ஆவி ஒலியை மிஞ்சும் வேகத்தில் விரிந்து காற்றை அதிர்வலையாக முன்தள்ளிச் செல்வதால், முதலில் ஆக்சிஜன் உள்ளே கலக்கவும் வழியில்லை.

மைக்ரோவினாடிகள் கடந்து, வெப்பம் ஏறத்தாழ 5,000 கெல்வினுக்கு இறங்கி, ஆவியின் விளிம்பில் காற்று கலக்கும்போதுதான் அலுமினிய மோனாக்சைடு மிகுதியாக உருவாகிறது. அணுக்களின் ஒளி நிறமாலையில் கூரிய கோடுகளாகவும் மூலக்கூறுகளின் ஒளி அகன்ற பட்டைகளாகவும் விழும் என்பதால், 484 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சைப் பட்டை எப்போது தலைகாட்டுகிறது என்று பார்த்தே வினை தொடங்கும் நேரத்தை ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். கண்ணிமைப்பதற்குள் ஆயிரம் முறை நடந்து முடியக்கூடிய ஒரு வேதிவினையை இப்படி நேரம் குறித்துப் படிக்க முடிவது, என் பார்வையில், நிறமாலையியலின் மிக அழகான பயன்களுள் ஒன்று.

காற்றில் நைட்ரஜனே மிகுதி என்றாலும் ஆக்சைடே முந்துகிறது. ஆக்சிஜன் மூலக்கூறைப் பிரிக்க 5.1 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் போதும், நைட்ரஜனுக்கோ 9.8 வேண்டும். எனினும் கிராஃபைட்டை நைட்ரஜனில் ஆவியாக்கினால் கார்பனும் நைட்ரஜனும் இணைந்த சயனோஜன் உறுப்பின் (CN) ஊதாப் பட்டை 388 நானோமீட்டர் அருகே தெளிவாகத் தெரியும்.

ஆர்கானை நிரப்பினால் ஆக்சைடு வெகுவாகக் குறையும்; ஆனால் ஆவியின் போக்கும் மாறும். கனமான ஆர்கான் அணுக்கள் அதை நெருக்கிப் பிடித்து நெடுநேரம் சூடாக வைத்திருக்க, ஹீலியமோ அதை விரைவில் குளிர்வித்துவிடும். லேசரால் பொருளை ஆவியாக்கி இட்ரியம்–பேரியம்–செம்பு ஆக்சைடு மீக்கடத்திப் (மின்தடையின்றி மின்சாரம் கடத்தும்) படலங்களை வளர்ப்போர், இதற்கு நேர்மாறாக, குறைந்த அழுத்தத்தில் ஆக்சிஜனை வேண்டியே செலுத்துகின்றனர்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் செயற்கைத்தோலில் லேசர் வேலை செய்வோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பி.வி.சி. தோலிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு அந்தப் பொருளுக்குள்ளிருந்தே பிறப்பதால், சுற்றிலும் எந்த வாயுவை நிரப்பினாலும் அது நிற்காது. புகையை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு கட்டாயம் தேவை.