பட்டா இல்லாத நிலத்தில் வீடு: பர்சனல் லோன் வாங்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வேலை செய்கிறேன். கணவர் சுலு இனத்தவர், சொந்த ஊர் நோங்கோமா பக்கம். குடும்ப வீட்டை ஒட்டியே ஊர்த் தலைவர் எங்களுக்கு ஒரு இடம் காட்டியிருக்கிறார். மூன்று அறை வீட்டுக்கு 4.8 லட்சம் ராண்ட் ஆகும் என்கிறார் மேஸ்திரி. கையில் 1.8 லட்சம் இருக்கிறது. வீட்டுக்கடன் தர மறுத்த வங்கியே 3 லட்சம் பர்சனல் லோன் தருகிறேன் என்கிறது: 22 சதவீத வட்டி, 6 வருடம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மாதத் தவணை சுமார் 7,540 ராண்ட் வரும், கட்டி முடிக்கும்போது 5.4 லட்சத்துக்கு மேல் கொடுத்திருப்பீர்கள். அந்தத் தவணைப் பணத்தில் 7,500-ஐ மாதாமாதம் எடுத்து வைத்தாலே 40 மாதத்தில் அந்த 3 லட்சம் சேர்ந்துவிடும்.

வீட்டுக்கடன் கிடைக்காததற்கு உங்கள் சம்பளம் காரணமில்லை. அந்தப் பக்கம் பெரும்பாலும் இங்கொன்யாமா டிரஸ்ட் நிலம். 1994-இல் உருவான டிரஸ்ட், சுமார் 28 லட்சம் ஹெக்டேர், சுலு மன்னர்தான் அறங்காவலர். உங்களுக்குக் கிடைப்பது குடியிருக்கும் அனுமதி, பட்டா அல்ல, அதை அடமானம் வைக்க முடியாது என்பதால் வங்கி ஒதுங்கிக்கொள்கிறது. அப்புறம், நாளைக்குப் பணமுடை வந்தால் வீட்டை விற்று, போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள். பிள்ளைகளோடு சொந்த ஊரில் ஒரு வீடு வேண்டும் என்பது நல்ல ஆசை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் திரும்பி வராத பணம் என்று நினைத்துத்தான் போட வேண்டும், அவசரத்துக்கு என்று வைத்திருப்பதைத் தொடவே கூடாது.

முதல் வேலை, அந்த அனுமதியை எழுத்தில் வாங்குவது. எல்லை குறித்து, இருவர் பெயரும் போட்டு. குடும்பத்துக்குள் எதற்குத் தாள் என்பார்கள், விடாதீர்கள். கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தத் தாள்தான் பலம். குத்தகை ஒப்பந்தம் எதையாவது நீட்டினால் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம். டிரஸ்ட் தன் நிலத்தில் வாழும் மக்களின் குடியிருப்பு உரிமையைக் குத்தகையாக மாற்றியது சட்டவிரோதம் என்று 2021 ஜூனிலேயே பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது.

கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால், உங்கள் இருவரில் யாருக்காவது வேலையிடத்தில் பென்ஷன் அல்லது பிராவிடன்ட் ஃபண்ட் இருக்கிறதா பாருங்கள். ஃபண்டின் விதி இடம் கொடுத்தால் அந்தச் சேமிப்பை ஈடாகக் காட்டி, வீட்டுக்காக மட்டும் கடன் வாங்கலாம், பட்டா இல்லாவிட்டாலும். 11 சதவீதத்துக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால் இதே 3 லட்சத்துக்கு 6 வருட வட்டி 1.1 லட்சம், பர்சனல் லோனில் அது 2.4 லட்சம். ஆனால் வேலையை விட்டால் பாக்கிக் கடனை பென்ஷன் பணத்திலிருந்தே கழித்துக்கொள்வார்கள், அதனால் 1 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, கட்டுவது எப்படி? இருக்கிற 1.8 லட்சத்தில் மூன்று அறைக்கும் சுவர் எழுப்பிவிட்டுக் கூரைக்குப் பணமில்லாமல் நிற்பதுதான் பெரிய நஷ்டம், அக்டோபரில் தொடங்கும் மழை மார்ச் வரை அந்தச் சுவர்மேல்தான் விழும். ஒரே அறை போதும், ஆனால் கூரை, கதவு, பூட்டு வரை முடியட்டும், மற்ற இரண்டையும் பிறகு ஒட்டிக் கட்டும்படி மேஸ்திரியிடம் இப்போதே வரைந்து வாங்குங்கள். ஏப்ரலில் தொடங்குங்கள். தண்ணீர்த் தொட்டியை முதலில் வாங்கிவிடுங்கள், கலவைக்கும் அதுதான் உதவும். ஹாலோ பிளாக்கும் கூரை ஷீட்டும் முன்கூட்டி வாங்கி வைக்கலாம், சிமென்ட் வேண்டாம், ஈரத்தில் கட்டியாகிவிடும். 390-க்கு 190 மில்லிமீட்டர் பிளாக் ஒரு சதுர மீட்டர் சுவருக்குப் பன்னிரண்டரை பிடிக்கும், மேஸ்திரியின் கணக்கை இதை வைத்துச் சரிபாருங்கள். கூலியை முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். கணவர் வீட்டார் ஸ்டாக்வெல்லில் இருந்தால், நம் சீட்டு மாதிரிதான், உங்கள் முறை மார்ச்சில் வரும்படி கேட்டுப் பாருங்கள்.

அனுமதித் தாள் கைக்கு வந்ததும் ஃபண்டின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இருவர் சம்பள விவரத்தோடு எழுதுங்கள், எவ்வளவு கடன் தாங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.