கேம்பர்வேன் பயணத்தில் பூச்சித் தொல்லை: கேள்வி பதில்

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் கேம்பர்வேன் (படுக்கையும் சமையல் வசதியும் கொண்ட பயண வண்டி) பதிவு செய்திருக்கும் சிங்கப்பூர் அன்பர்கள் கேட்டவற்றுக்கு, நியூசிலாந்தின் தென் தீவை இருமுறை அவ்வாறு சுற்றிவந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): தென் தீவின் மில்ஃபர்ட் சவுண்ட் பக்கம் மணல் ஈக்கள் என்னும் கடிக்கும் சிறு ஈக்கள் மிக மோசம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். 1773இல் அதே தீவின் டஸ்கி சவுண்டில் தங்கிய ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கே அவற்றைப் பற்றிப் புலம்பி எழுதி வைத்திருக்கிறார். பெயரில் மணல் இருந்தாலும் அவை ஓடும் நீரில் முட்டையிடுபவை. ஆகவே ஓடைக்கரையில் வண்டியை நிறுத்துகிறவர், அழகிய காட்சியோடு அவற்றையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். பெண் ஈ மட்டுமே கடிக்கும், அதுவும் பகலில்தான்; விடியலிலும் அந்தி நேரத்திலும் தொல்லை உச்சத்தில் இருக்கும், நன்கு இருட்டியபின் அடங்கிவிடும். எனவே இரவுச் சமையலை இருட்டும்வரை தள்ளிப்போடலாம். காற்றில் அவற்றால் சரியாகப் பறக்க முடியாது என்பதால், மரங்களுக்கு நடுவே ஒதுங்குவதைவிடக் காற்றடிக்கும் திறந்தவெளியே மேல். உள்ளே நுழைந்துவிட்ட ஈ வெளிச்சத்தைத் தேடிக் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்தெடுத்தால் போதும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பொருள்களை இறக்கும் அந்தப் பத்து நிமிடங்களில்தான் பெரும்பாலானவை நுழைகின்றன.

கேள்வி (தெம்பனிஸ்): தோலில் தடவும் பூச்சிவிரட்டி மருந்துகளில் டீட் நல்லதா, பிக்காரிடின் நல்லதா?

பதில்: 20 விழுக்காட்டு அளவில் இரண்டுமே நன்றாக வேலை செய்யும். ஆனால் டீட் பிளாஸ்டிக்கை அரிக்கும். என் மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒன்று அப்படித்தான் பாழானது. ஆகவே நான் பிக்காரிடினையே எடுத்துச் செல்கிறேன். வெயில் தடுப்புக் களிம்பை முதலில் பூசி, அது காய்ந்தபின் இதைத் தடவுங்கள்.

கேள்வி (ஈசூன்): வேனுக்குள் கொசுவத்திச் சுருள் ஏற்றலாமா?

பதில்: கூடாது. மெத்தையும் திரைச்சீலையும் நெருங்கியிருக்கும் சிறிய அடைப்புக்குள் தீயும் புகையும் ஆபத்து. சிறு மின்விசிறி ஒன்று போதும்.

கேள்வி (பொங்கோல்): எறும்புகள் எப்படித்தான் ஏறுகின்றன?

பதில்: டயர், மின்கம்பி, தண்ணீர்க்குழாய், கூரையை உரசும் கிளை என, வண்டியைத் தரையோடும் மரத்தோடும் இணைக்கும் எதுவும் அவற்றுக்குப் பாலம். நிறுத்துமுன் இறங்கித் தரையைப் பாருங்கள். கம்பியைச் சுற்றி வாஸ்லின் தடவுங்கள். புற்று வெளியே இருப்பதால், மருந்தடித்தால் கண்ணில் பட்டவை மட்டுமே சாகும். அவை வந்த தடத்தைச் சோப்புநீரால் துடைத்தால், பின்னால் வருபவற்றுக்கு வழி காட்டும் வாசனை அழிந்துவிடும்.

கேள்வி (ஜூரோங்): பழைய கூடாரத்தையும் காலணியையும் கொண்டுபோகலாமா?

பதில்: மண்ணும் விதையும் இல்லாமல் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோகலாம்; ஆனால் நுழைவு அறிவிப்பில் அவற்றைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பூச்சிகள் நம்மோடு பயணம் செய்துவிடக் கூடாது என்பதில் நியூசிலாந்து மிகக் கண்டிப்பானது. அறிவிக்காமல் விட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். பையில் மறந்துபோன ஓர் ஆப்பிளுக்கும் அதே கதிதான்.

கேள்வி (பாசிர் ரிஸ்): ஒத்திகையாகச் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் இரண்டு இரவு தங்க எண்ணுகிறோம். அங்கும் இதே முறைதானா?

பதில்: பூச்சி வேறு. நம் கடற்கரைகளில் கடிக்கும் நுண்பூச்சி சாதாரணக் கொசுவலையின் கண்களுக்குள்ளேயே நுழைந்துவிடும். மிக நெருக்கமான வலை வேண்டும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, ஆகவே பகலிலும் மருந்து தடவுங்கள். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமாகும் என்பதால், நீங்கள் போட்டுவிட்டு வரும் குவளையில் தேங்கும் நீரில் வளரும் கொசு அடுத்து வருபவரைத்தான் கடிக்கும்.