தொற்றினால் குழந்தை குறைமாதத்தில் பிறந்தால் அது தாயின் தவறா?

உங்கள் தங்கைக்கு 30-வது வாரத்தில் பனிக்குடம் உடைந்து, மறுநாள் இரவு குழந்தை பிறந்திருக்கிறது. எடை 1,300 கிராம். காரணம் தொற்றாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, 'நான் சுத்தமாக இல்லாததால்தான் என் பிள்ளைக்கு இந்தக் கதி' என்று அவர் அழுதுகொண்டே இருக்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையா, முன்பே மாத்திரை கொடுத்துத் தடுத்திருக்க முடியாதா, குழந்தைக்கும் தொற்று வருமா, அடுத்த முறையும் இப்படித்தான் ஆகுமா என்பவை உங்கள் கேள்விகள்.

முதல் கேள்விக்கு என் பதில்: உண்மை இல்லை. மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இதை முதலில் போய் அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

நான் 16 ஆண்டுகளாகப் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். உங்கள் தங்கையின் மருத்துவ அறிக்கைகளை நான் பார்க்கவில்லை என்பதால் அவருடைய சிகிச்சை பற்றிய முடிவுகளை அவருடைய மருத்துவரிடமே கேட்க வேண்டும். ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் பழகிய கேள்வி. பெரும்பாலும் இரவுப் பணியில்தான் கேட்பார்கள். உறவினர்கள் போன பிறகு, விளக்குகளைத் தணித்த பிறகு, இன்குபேட்டர் கண்ணாடியில் கை வைத்தபடி மெதுவாக, "சிஸ்டர், நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?" என்பார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

நடப்பது இதுதான். நம் குடலிலும் பிறப்புறுப்பிலும் எப்போதுமே நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. தினமும் இரண்டு வேளை குளிப்பவர் உடலிலும் உண்டு. சில சமயம் அவற்றில் சில, கருப்பை வாயைத் தாண்டி மேலே ஏறிப் பனிக்குடச் சவ்வை எட்டிவிடுகின்றன. உடலின் எதிர்ப்புச் சக்தி அவற்றோடு போராடத் தொடங்குகிறது. அந்தப் போராட்டத்தில் சுரக்கும் வேதிப்பொருள்கள் புரோஸ்டாகிளாண்டினைப் பெருக்கிவிடுகின்றன. நிறைமாதத்தில் கருப்பை வாயை இளக்கிப் பிரசவ வலியை எழுப்புவதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். நாள் வந்துவிட்டதென்று கருப்பை எண்ணிக்கொள்கிறது. சவ்வு நலிந்து நீர் உடைகிறது. இவ்வளவும் நடக்கும்போது தாய்க்குக் காய்ச்சல்கூட இல்லாமல் இருக்கலாம். உங்கள் தங்கை எதையும் கவனிக்கத் தவறவில்லை; கவனிக்கும்படி எதுவும் வெளியே தெரிந்திருக்காது.

குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. உலகில் ஏறக்குறைய ஐந்து கர்ப்பிணிகளில் ஒருவரின் உடலில் அது எந்தத் தொந்தரவும் செய்யாமல் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குறைமாதப் பிரசவங்களுக்கும், கருவிலேயே இறப்பதும் பிறந்தபின் இறப்பதுமாகச் சுமார் ஒன்றரை லட்சம் உயிரிழப்புகளுக்கும் அதற்குத் தொடர்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் மதிப்பிட்டது. சிறுநீரில் எரிச்சலே இல்லாமல் வளரும் கிருமிகள், நஞ்சுக்கொடியில் ஒளிந்துகொள்ளும் மலேரியா, வெளியே தெரியாத சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் எனப் பட்டியல் நீளும். சோப்புக்கும் இவற்றுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. சொல்லப்போனால், சுத்தம் என்று எண்ணி உள்ளே நீர் பாய்ச்சிக் கழுவுவதுதான் கெடுதல். அங்கே காவல் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை அது துடைத்துவிடும்.

37 வாரம் நிறையும் முன் பிறந்தால் குறைமாதம். 2020-ல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன. பத்தில் ஒரு குழந்தை! எல்லாவற்றுக்கும் தொற்று காரணமில்லை. உயர் இரத்த அழுத்தம், இரட்டைக் கரு, நீரிழிவு என்று வேறு காரணங்களும் உண்டு. கடைசிவரை காரணமே தெரியாமல் போவதும் மிக அதிகம். அத்தனை தாய்மார்களும் அழுக்காக இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் அவர்களை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

'முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கலாமே' என்பது நியாயமான கேள்வி. மருத்துவ உலகமும் அதைத்தான் கேட்டது. ஆரக்கிள் என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2001-ல் வெளிவந்தன. பனிக்குடம் முன்கூட்டியே உடைந்த தாய்மார்களுக்கு எரித்ரோமைசின் கொடுத்தபோது பயன் இருந்தது. ஆனால் பனிக்குடம் உடையாமல், வெளிப்படையான தொற்று எதுவும் இல்லாமல், வலி மட்டும் முன்கூட்டியே வந்தவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததில் எந்தப் பயனும் தெரியவில்லை. கதை அங்கே முடியவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு ஏழு வயதானபோது மறுபடி விசாரித்தார்கள். 2008-ல் வந்த விடை வருத்தமானது: பனிக்குடம் உடையாத அந்தப் பிரிவில், கருவில் இருந்தபோது மருந்து பெற்ற குழந்தைகளிடம் உடல் அசைவைப் பாதிக்கும் மூளை முடக்குவாதம் சற்று கூடுதலாக இருந்தது. 'எதற்கும் ஒரு மாத்திரை போட்டுவைப்போம்' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது. தேடிக் கண்டுபிடித்த தொற்றுக்கு மருந்து கொடுப்பது வேறு, பயத்துக்கு மருந்து கொடுப்பது வேறு. அதனால்தான் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சிறுநீர்க் கல்ச்சரும் சிஃபிலிஸ் பரிசோதனையும் செய்வதை நான் பெரிதாக நினைக்கிறேன். சாதாரணப் பரிசோதனைகள்தான்; ஆனால் எத்தனையோ பேருக்கு அதுகூடக் கிடைப்பதில்லை.

நீர் உடைந்ததும் தங்கைக்குத் தசையில் ஊசி போட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யும் ஸ்டீராய்டு ஊசியாகத்தான் அது இருக்க வேண்டும். நியூஸிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு பெற்ற ஓர் ஆட்டுக்குட்டி, பிழைக்கவே முடியாத பருவத்தில் பிறந்தும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவரும் ஹோவி என்ற மருத்துவரும் தாய்மார்களிடம் அதைச் சோதித்து 1972-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த ஊசி முழுப் பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். நீர் உடைந்த பிறகும் உங்கள் தங்கையின் உடல் மறுநாள் இரவு வரை தாங்கியிருக்கிறது. 'என் உடல் பிள்ளையைக் கைவிட்டுவிட்டது' என்று அவர் சொன்னால் இந்த ஒரு நாள் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. தங்கைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இப்படிப்பட்ட நேரத்தில் வீடே குழந்தையின் பின்னால் ஓடும். பெற்றவளை யாரும் பார்ப்பதில்லை. ஒருமுறை, பிரசவமாகி நான்காம் நாள், குழந்தைக்குப் பால் கொண்டுவந்த தாய் ஒருவர் நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு "ஏசி குளிர்" என்றார். எங்கள் பிரிவைக் குழந்தைகளுக்காக எப்போதும் வெதுவெதுப்பாக வைத்திருப்போம்; நாங்களே வியர்த்துக்கொண்டுதான் வேலை செய்வோம். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. கருப்பையில் தொற்று. அன்று மாலையே அவரை உள்நோயாளியாகச் சேர்த்தார்கள், பிழைத்துக்கொண்டார். இரத்தப்போக்கு, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு உலகில் தாய்மார்களைக் கொல்லும் முக்கியக் காரணங்களில் தொற்றும் ஒன்று. காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்று வலி, துர்நாற்றத்துடன் வெளியேறும் திரவம், படபடவென்று அடிக்கும் நெஞ்சு, குழப்பமான பேச்சு: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இது இன்று நேற்றுப் பிரச்சினையும் இல்லை. வியன்னாவின் பெரிய மருத்துவமனையில் 1846-ல் மருத்துவர்கள் பிரசவம் பார்த்த வார்டில் நூறு தாய்மார்களில் 11 பேர் இறந்தார்கள். பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்த கைகள்தான் காரணம் என்று அங்கே பணியாற்றிய செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டுகொண்டு, 1847-ல் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். 1848-ல் அது நூறில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது.

குழந்தைக்கு வருகிறேன். ஆம், தொற்று வரும் ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன். தாயின் நோய் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் பெருமளவில் போய்ச் சேர்வது கடைசி வாரங்களில்தான். உங்கள் தங்கை மகளுக்கு அந்த வாரங்கள் கிடைக்கவில்லை. தோலோ வெங்காயச் சருகு போல மெல்லியது. ஊசிக் குழாய், மூக்குக் குழாய் எல்லாமே கிருமி நுழையும் வழிகள். அதோடு, மருத்துவமனைகளில் வாழும் க்ளெப்சியெல்லா போன்ற கிருமிகள் பல மருந்துகளுக்கு இப்போது அடங்குவதே இல்லை. ஆகவே யார் அருகில் போனாலும் மோதிரம், வளையல், கடிகாரம் கழற்றி, முழங்கை வரை கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே தொட வேண்டும். மருத்துவரே கை கழுவ மறந்தாலும் கேளுங்கள். கேட்டதற்காக நாங்கள் கோபித்துக்கொண்டால் தவறு எங்கள் மேல்தான்.

இவ்வளவு சின்னக் குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் வர வேண்டும் என்றில்லை. உடல் சில்லிட்டுப் போகலாம். பால் செரிக்காது, மூச்சு இடையிடையே நிற்கும், துவண்டு கிடக்கும். 1,180 கிராம் எடையில் ஒரு குழந்தை எங்களிடம் 12 நாள் நன்றாக இருந்தாள். 13-வது நாள் காலை அவளுடைய அம்மா என் அருகே வந்து, "இவள் இன்று என் விரலைப் பிடிக்கவில்லை" என்றார். திரையில் இதயத் துடிப்பு, ஆக்சிஜன் எல்லா எண்களும் சரியாகவே இருந்தன. நான் குழந்தையின் பாதத்தைத் தொட்டேன். வயிறு வெதுவெதுப்பாக இருக்க, பாதம் மட்டும் குளிர்ந்திருந்தது. மருத்துவர் உடனே இரத்தக் கல்ச்சர் எடுத்து, முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் கருவி அலறத் தொடங்கியது. இரண்டு நாளில் கல்ச்சரில் கிருமி வளர்ந்தது. அந்தக் குழந்தை 51-வது நாள் வீட்டுக்குப் போனாள். அவளுடைய அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தால் போனாள் என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன். உங்கள் தங்கை ஏதாவது வித்தியாசமாக இருக்கிறது என்று சொன்னால், வீட்டில் யாரும் 'உனக்கு வீண் பயம்' என்று அடக்கிவிடாதீர்கள்.

28 வாரம் நிறையாமல் பிறக்கும் குழந்தைகளில் வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே இறக்கின்றன. ஏழை நாடுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் முதல் சில நாள்களிலேயே போய்விடுகின்றன. ஒரே வாரம், ஒரே எடை. பிறந்த இடம் மட்டும் வேறு. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

அடுத்த கர்ப்பம் பற்றி. ஒருமுறை குறைமாதமானால் மறுபடி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. ஆகியே தீரும் என்பதில்லை. உடல் தேற ஒன்றரை ஆண்டாவது இடைவெளி விடட்டும். நாள் தள்ளியதுமே மருத்துவரிடம் போய் இந்த வரலாற்றைச் சொல்லட்டும். சிறுநீர்க் கல்ச்சர் செய்வார்கள். நான்காம் மாதத்திலிருந்து ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தைப் பார்ப்பார்கள். குறுகியிருந்தால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து தருவது பற்றியோ கருப்பை வாயில் தையல் போடுவது பற்றியோ பேசுவார்கள். நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த அறிக்கையின் நகலை இப்போதே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அப்போது தேடினால் கிடைக்காது.

நாளைக் காலை தங்கை குழந்தையைப் பார்க்கப் போகும்போது, "மார்போடு வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். 1978-ல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையாலும் தொற்றாலும் குழந்தைகள் இறப்பதைத் தாங்க முடியாமல் ரேய் என்ற மருத்துவர் தொடங்கிய கங்காரு முறை அது. உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்த உடனே தொடங்கினால் என்ன ஆகும் என்று ஐந்து நாடுகளில் செய்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளில் இறப்பு கால்வாசி குறைந்தது, தொற்றும் குறைந்தது. உங்கள் வீட்டுக் குழந்தையின் எடை அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. தாயின் தோலில் இருக்கும் நுண்ணுயிர்கள் குழந்தையின் தோலில் குடியேறி, மருத்துவமனைக் கிருமிகளுக்கு இடம் இல்லாமல் செய்கின்றன. முன்பக்கம் திறக்கும் தளர்வான சட்டை போட்டுக்கொண்டு போகட்டும். குழாய்களைச் செவிலியர் பிடித்துக்கொள்வார். தங்கை சாய்ந்து உட்கார்ந்தால் போதும்.