பயணத்திலும் பழைய தலையணை உறை எதற்கு?

வெளியூர் செல்லும்போதும் அன்றாட வழக்கங்களில் சிலவற்றை விடாமல், மனத்துக்குப் பழகிய ஓரிரு பொருள்களை உடன் எடுத்துச் செல்வதையே ஆறுதல் பழக்கம் என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

புது இடத்தில் முதல் நாள் இரவு பலருக்குச் சரியாக உறக்கம் வருவதில்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய இரவில் ஆழ்ந்த உறக்கத்தின்போதும் மூளையின் இடப்பாதி வலப்பாதியைவிடச் சற்று விழிப்பாகவே இருந்து, அயலான ஓசைகளுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டியது தெரியவந்தது. அறிமுகமில்லாதவர் நடமாடும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் இரவுக் காவலாளி, தெரிந்த முகத்தைக் கண்டதும் நாற்காலியில் சாய்ந்துகொள்வார் அல்லவா? வழக்கமான அதே வரிசையில் பல் துலக்கி, முகம் கழுவி, இரண்டு பக்கம் படித்துவிட்டு விளக்கை அணைப்பது மனத்துக்கு அந்தத் தெரிந்த முகம்.

தலையணை உறையை எடுத்துச் செல்வதானால், துவைத்து மடித்ததைவிட (முகம் சுளிக்க வேண்டாம்) இரண்டொரு நாள் பயன்படுத்தியதே மேல். பழகிய வாசனை அதில்தான் தங்கியிருக்கும். அன்றாட மருந்தும் மூக்குக்கண்ணாடியும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

இப்படிச் செய்பவர்கள் புதிய அனுபவங்களுக்கு அஞ்சுகிறவர்கள் என்று பலர் எண்ணுவது தவறு. இரவில் நன்றாக உறங்கியவர்தான் மறுநாள் அறியாத தெருக்களில் அலுக்காமல் சுற்றுவார்.